எல்லா வலியும் உழைப்பு வலி அல்ல

தூத்துக்குடியில் மேல்வலி இல்லாத வீடு அபூர்வம். உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், கடலில் வலை இழுக்கிறவர்கள் என்று உடம்பை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. அதனாலேயே இங்கே வலியை யாரும் நோயாக எண்ணுவதில்லை. "வேலை செஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முத்தையாபுரம் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு நடுவயதில் முடக்குவாதம் வந்தது. அதோடு வாழ்ந்து கற்றதையும், அக்கம்பக்கத்து உப்பளப் பெண்களிடம் நான் விடாமல் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன்.

வலி வரும் நேரத்தைக் கவனியுங்கள்

தேய்மானத்தால் வருகிற வலி பெரும்பாலும் வேலை செய்யச் செய்யக் கூடும், உட்கார்ந்தால் தணியும். முடக்குவாதம் நேர்மாறு. ஓய்ந்து தூங்கி எழும் காலையில்தான் விரல்கள் மடங்காது. அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி மூட்டுகள் வீங்கும். உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருகிற நோய் இது. சில காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி மூட்டு வலிக்கும்: 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு கிடந்தவர்கள் பலர். அதனால் சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீக்கம் சில வாரங்கள் நீடித்தாலே பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். முடக்குவாதம் மூட்டை அரிப்பது ஆரம்பத்திலேயே தொடங்கிவிடும். அரித்த மூட்டைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை.

வலி மாத்திரை வேறு, நோய் மருந்து வேறு

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வலியையும் வீக்கத்தையும் அன்றைக்குக் குறைக்கும்; மூட்டு அரிப்பை நிறுத்தாது. அதை நிறுத்துவதற்கென்றே மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இவற்றின் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். "சாப்பிட்டும் கேட்கலியே" என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்து, காலண்டரில் குறித்துக்கொண்டுதான் விழுங்குகிறேன். கூடவே மருத்துவர் சொன்ன நாளில் ஃபோலிக் அமில மாத்திரை. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்குமான பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே இல்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் இந்த மருந்தை எடுக்கக் கூடாது. மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெயர் தெரியாத பொட்டலம் வேண்டாம்

"மேல்வலிக்கு நாலு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குகிற பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் ஒரே நாளில் உடம்பு லேசாகிவிடும். அதனால்தான் மறுபடி தேடிப்போகத் தோன்றுகிறது. மாதக்கணக்கில் எடுத்தால் எலும்பு மெலியும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

உப்பளப் பெண்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் வியர்வை வேறு கொட்டும். உடம்பில் நீர் வற்றிய அந்த நிலையில் டைக்ளோஃபெனாக் போடுவது சிறுநீரகத்தை நேராகப் பாதிக்கும். "தண்ணி குடிக்காத நாள்ல அந்த மாத்திரையத் தொடாதீங்க அக்கா" என்று கெஞ்சியே சொல்வேன். குடிநீரும் கழிப்பறையும் கேட்பது சலுகை கேட்பதல்ல. அதுவும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

அசதி சோம்பல் அல்ல

வலியைவிட என்னை அதிகம் முடக்கியது அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது. இந்த நோயே அசதியைத் தரும். ரத்தசோகை, தைராய்டு குறை, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் தரும். இவற்றில் பலவற்றைப் பரிசோதித்துச் சரிசெய்ய முடியும். மீதி அசதிக்கு எனக்கு உதவியது வேலையைப் பல நாள்களுக்குப் பிரித்துச் செய்வது. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட ஆசை வரும். அப்படிச் செய்தால் அடுத்த நாள்கள் படுக்கையில்தான் போகும். துவைக்கிற நாளில் மாவு அரைப்பதில்லை. காய் நறுக்குவது உட்கார்ந்துதான். களைத்த பிறகு அல்ல, களைப்பதற்கு முன்பே ஓய்வு.

அதற்காக அசையாமல் இருந்துவிடக் கூடாது. மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுவிழந்தால் வலி கூடும். வெயில் ஏறும் முன் முத்துநகர் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். மணலில் கணுக்கால் புரளும் என்பதால் தளம் போட்ட பாதையில் மட்டும்தான் நடை. சாப்பாட்டில் சாளை மீன் அடிக்கடி உண்டு. அதன் கொழுப்பு வீக்கத்தைத் தணிக்க ஓரளவு உதவும், ஆனால் மருந்துக்கு மாற்றாகாது. ஸ்டீராய்டு எடுக்கிறவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்தே ஆக வேண்டும்.

மழைக்காலத்தைப் பயன்படுத்துங்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை நின்றுவிடும். கூலி போகும் என்ற தயக்கம் இல்லாத மாதங்கள் அவை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மூட்டு, சிறுநீரகம், சர்க்கரை, ரத்தசோகை எல்லாவற்றுக்கும் சோதனை செய்துகொள்ள அதுவே தோதான சமயம். நடக்க முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் கேளுங்கள். 2021இல் தொடங்கிய இத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. போகும்போது இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எங்கே வலிக்கிறது என்பதோடு எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் இறுகுகிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வலி உழைப்பால் வந்ததா, நோயால் வந்ததா என்று மருத்துவர் பிரித்தறிய அந்த விவரம்தான் முதலில் வேண்டும்.