பனிக்காலத்து அந்துப்பூச்சி



பூச்சிகள் வெயிற்காலத்துக்கே உரியவை என்ற எண்ணத்துக்கு மாறாக, ஐரோப்பாவின் ஓக் காடுகளில் இலைகள் உதிர்ந்து, வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் நவம்பர், டிசம்பர் இரவுகளில் பறக்கும் அந்துப்பூச்சி ஒன்று உண்டு. 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்த அதனை இன்று ஓப்பரோப்தெரா புரூமேட்டா என அழைப்பர்.

சாம்பல் கலந்த பழுப்பு நிற ஆண்பூச்சி சிறகு விரித்தால் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். பெண்ணின் சிறகுகளோ வெறும் எச்சங்களாகக் குன்றிவிட்டமையால், அது மண்ணிலிருந்து வெளிவந்து மரத்தில் நடந்தே ஏறி, ஆணை வரவழைக்கும் மணமாகிய இனக்கவர்ச்சிப் பொருளைக் காற்றில் விடுகிறது. பழத்தோட்டக்காரர்கள் இலையுதிர்காலத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பசைப்பட்டை கட்டுவது இந்த நடையை மறிப்பதற்கே. கூடிய பின், பட்டைப் பிளவுகளிலும் மொட்டுகளின் அருகிலும் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுப் பெண் மடிகிறது.

இதன் வாழ்வில் மிகவும் வியக்கத்தக்கது முட்டை பொரியும் வேளைதான். வசந்தத்தில் மொட்டு விரியும் முன் பொரிந்தால் புழு பட்டினியால் சாகும். தாமதித்தாலோ, இலை முற்றி, டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்து, புழு வளர்வது கடினமாகும் என்பதை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் ஆராய்ந்த பால் ஃபீனி 1970-இல் விளக்கினார். பொரிந்த இடத்தில் தளிர் இல்லையெனில், சின்னஞ்சிறு புழு பட்டிழை ஒன்றை நூற்றுக் காற்றோடு வேறு மரம் தேடும். உடலை வளைத்து வளைத்து நகரும் காவடிப்புழுக்களின் இனத்தைச் சேர்ந்த இப்பச்சைப் புழு, மே இறுதி வரை தின்று, பின் இழைவழியே தரையிறங்கி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, கோடை முழுவதும் அங்கேயே கிடக்கும். காட்டுக்கு இப்புழு வெறும் தீங்கு என எண்ணிவிடலாகாது. பட்டாணிக் குருவி இனத்துப் பறவைகள் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுவதில் பெரும்பங்கு இத்தகைய புழுக்களே.

வசந்தகால வெப்பம் கூடியதால், மொட்டு விரியும் முன்பே முட்டைகள் பொரியத் தொடங்கியதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். தக்க வேளையில் பொரிந்தவையே பெரும்பாலும் பிழைத்து வழித்தோன்றல்களை விட்டதால், பொரியும் நாள் மரபுவழியாகவே பின்தள்ளப்பட்டு, மொட்டு விரியும் நாளை மீண்டும் நெருங்கிவருவதை அவர்களே 2013-இல் பதிவு செய்தனர்.