போதையும் மூளையும் நம் சமுதாயமும்

(இளம் அறிவியல் - வேதியியல், இரண்டாம் ஆண்டு)

போதைப் பொருள் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? கஞ்சாப் பொட்டலம், ஊசி, இருட்டுச் சந்து, காவல் துறையினர் கைப்பற்றிய மூட்டைகளின் செய்தித்தாள் படம். தேர்வுக்கு முந்திய இரவில் நம் விடுதி நண்பர்கள் மூன்று முறை குடிக்கும் தேநீர் தோன்றுவதில்லை. பாட்டிமார்களின் சுருக்குப் பையிலுள்ள பாக்கும் புகையிலையும் தோன்றுவதில்லை. ஆனால் அறிவியல் நோக்கில், மூளையின் நரம்பணுக்களுக்கிடையே நடைபெறும் செய்திப் பரிமாற்றத்தை மாற்றி, அதன் வாயிலாக நம் உணர்வையும் நடத்தையையும் மாற்றும் எப்பொருளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தேநீரின் காஃபீனும், புகையிலையின் நிக்கோட்டினும், பாக்கின் அரிக்கோலினும் அவ்வரிசையில் நிற்கின்றன. அபினிலிருந்து பெறும் மார்ஃபீனும் அதில் நிற்கிறது. தேநீரும் ஹெராயினும் ஒன்றென நான் சொல்ல வரவில்லை. வரிசை ஒன்று, ஆபத்தின் அளவு வெவ்வேறு, அவ்வளவே.

இவ்வரிசையில் எத்தில் ஆல்கஹாலுக்கு மட்டும் ஒரு விசித்திரமான இடம் உண்டு. "போதைப் பொருள் வேறு, குடி வேறு" என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். முன்னதைக் குற்றம் என்கிறோம். பின்னதைக் குணக்கேடு என்கிறோம். மூளையில் வேலை செய்யும் ஒரு வேதிப்பொருளாக அதைப் பார்ப்போர் மிகச் சிலரே. நானும் பார்த்ததில்லை. இக்கட்டுரையை எழுத எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. வேதியியல் படிக்கிறேன் என்பது ஒன்று. குடிப்பழக்கம் உள்ள ஒருவரின் மகன் என்பது மற்றொன்று. என் தந்தையார் சேலத்தில் ஒரு வெல்ல மண்டியில் மூட்டை சுமப்பவர். அவருடைய அனுமதி பெற்றே இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நம் மாநிலத்துக் கடைகளில் விற்கப்படும் பிராந்தி, ரம் போன்றவற்றில் ஆல்கஹால் கன அளவில் 42.8 விழுக்காடு. 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி லிட்டர் புட்டியில் ஏறத்தாழ 77 மில்லி லிட்டர் ஆல்கஹால் இருக்கும். அதன் அடர்த்தி 0.789 ஆதலால் எடை 61 கிராம் ஆகிறது. மனிதனுடைய கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரையே ஆல்கஹாலைச் சிதைக்க வல்லது. மோர் குடித்தாலும் எலுமிச்சைச் சாறு குடித்தாலும் இவ்வேகம் கூடுவதில்லை. ஆகவே ஒரு புட்டி முழுவதும் வெளியேற ஆறு முதல் ஒன்பது மணி நேரம் வேண்டும். என் தந்தையார் நாளொன்றுக்கு இரண்டு புட்டி குடித்தார். பதினேழு மணி நேரம் வரை ஆகியிருக்கும். அதாவது, அவருடைய மூளை ஆல்கஹால் இல்லாமல் இருந்த நேரம் நாளில் சில மணிகளே. இந்நிலை பதினான்கு ஆண்டுகள் நீடித்தது.

அத்தனை ஆண்டுகளும் மூளை சும்மா இருப்பதில்லை. நம் மூளையில் ஊக்கும் செய்திகளைச் சுமக்கும் குளூட்டமேட் என்ற பொருளும், அடக்கும் செய்திகளைச் சுமக்கும் காபா என்ற பொருளும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. ஆல்கஹால் காபாவின் கையை வலுப்படுத்துகிறது. குளூட்டமேட்டின் வாயை அடைக்கிறது. அதனால்தான் குடித்தவனுக்கு முதலில் கூச்சம் போகிறது, பின் நா குழறுகிறது, பின் கால் தள்ளாடுகிறது, முடிவில் தூக்கம் வருகிறது. நாள்தோறும் இது நிகழும்போது மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது. அடக்கும் செய்திகளை ஏற்கும் ஏற்பிகள் மந்தமாகின்றன. ஊக்கும் செய்திகளை ஏற்கும் ஏற்பிகள் பெருகுகின்றன. பொங்கல் விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆல்கஹால் இழுக்க இழுக்க, மறுபக்கத்தில் மூளை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கயிறு நடுவில் நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆல்கஹால் பக்கத்தார் திடீரெனக் கயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

2020 மார்ச் 24ஆம் நாள் மாலை, ஊரடங்கை முன்னிட்டுத் தமிழகமெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டன. அப்பொழுது எனக்குப் பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு நடக்காமலேயே தேர்ச்சி என்று மறுநாள் அறிவித்தனர். அம்மா மாரியம்மன் படத்துக்கு விளக்கேற்றி, "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். கடைகளை மூட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாளில்லை.

மறுநாள் காலையில் அவருக்குக் கை நடுங்கியது. அது எங்களுக்குப் புதிதன்று. காலை நடுக்கம் எப்போதும் இருப்பதே. அதற்கடுத்த நாள் உடம்பெல்லாம் வியர்த்தது, சோறு தங்கவில்லை, தூக்கம் அறவே இல்லை. 27ஆம் நாள் இரவு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தோம், எறும்பு இல்லை. போர்வையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடத் தொடங்கினார். பின்னர் எழுந்து நின்று, முதுகை வளைத்து, இல்லாத மூட்டையை ஏற்றினார், இறக்கினார். "பதினாலு, பதினஞ்சு" என்று எண்ணினார். அம்மாவை மண்டிக்காரர் என நினைத்துக் கூலி கேட்டார்.

பேய் பிடித்திருக்கிறது என்று அண்டை வீட்டார் முடிவு செய்தனர். பெரியவர் ஒருவர் திருநீறு போட்டு வேப்பிலை அடித்தார். தெருவுக்கு ஓடிவிடாதபடி அம்மாவின் பழைய சேலையால் அவருடைய கைகளைக் கட்டியவன் நான். கட்டும்போது எனக்கு அச்சத்தைவிடக் கோபமே மிகுதியாக இருந்தது. மது கிடைக்காததால் நடிக்கிறார் என்றே நினைத்தேன். விடியற்காலையில் அவருக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகே 108ஐ அழைத்தோம்.

அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், "எப்போதிலிருந்து குடிக்கவில்லை?" என்று கேட்டார். 'எவ்வளவு குடிப்பார்' என்றே எல்லாரும் கேட்டுப் பழகிய எங்களுக்கு அக்கேள்வி விளங்கவில்லை. மூன்று நாள் என்றதும் அவர் வேகமாக எழுந்தார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் ஏதோ ஊசி போட்டார்கள். எதற்கு இந்தத் தாமதம் என்று நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன். அது தையமின் என்னும் வைட்டமின் பி1 என்பதையும், நெடுநாள் குடித்தவர் உடலில் அது வற்றியிருக்கும் என்பதையும், அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரக்கூடும் என்பதையும் பின்னாளில் கல்லூரி நூலகத்தில் படித்தபோதுதான் அறிந்தேன். ஆல்கஹால் இழுத்த அதே பக்கம் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் தூக்க மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். ஆறாம் நாள் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்.

இந்நோய்க்கு டெலீரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். நடுக்கத்தோடு கூடிய புத்தி மயக்கம் என்பது பொருள். 1813ஆம் ஆண்டிலேயே தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இப்பெயரை வழங்கிவிட்டார். ஆயினும் இது குடித்ததால் வருவதா, குடியை விட்டதால் வருவதா, உணவுக் குறைவால் வருவதா என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவருடைய குழுவினரும் அதை முடித்து வைத்தனர். நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்துக்கொண்டே சிலருக்குப் பல வாரங்கள் மது கொடுத்து, ஒரு நாள் திடீரென நிறுத்தினர். நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்தன. காரணம் நிறுத்தமே என்பது தெளிவாயிற்று. அச்சோதனைக்கு உட்பட்டோர் தண்டனை பெற்ற கைதிகள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு இசையாது. அவர்கள் பட்ட வேதனையால் கிடைத்த அறிவு, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

குடிப்போர் அனைவருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. நெடுநாள், நாள்தோறும், மிகுதியாகக் குடித்தவர்களில் சிலருக்கே நேர்கிறது. நடுக்கம் சில மணி நேரத்திலும், வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களிலும், பிதற்றல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னும் தோன்றும். தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர்.

2020இன் ஊரடங்கு இவ்வகையில் இந்நாடு முழுவதுக்கும் நடந்த ஒரு லெக்சிங்டன் சோதனை எனலாம். கேரள அரசு, மருத்துவர் சீட்டு உள்ளவர்களுக்கு மது வழங்கலாம் என்று மார்ச் 30ஆம் நாள் ஆணையிட்டது. மருத்துவர் சங்கத்தினர் எதிர்த்தனர். ஏப்ரல் 2ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. அச்செய்தியைப் பலர் நகைச்சுவையாகப் பகிர்ந்துகொண்டனர். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மருந்தாக மதுவைக் கொடுப்பது சரியான வழியன்று என்பது உண்மையே. சரியான மருந்துகள் வேறு உண்டு. ஆனால் கடையை மூடினால் உடம்புக்கு ஒன்று நேரும் என்பதையாவது அந்த ஆணை ஒப்புக்கொண்டது.

நம் மாவட்டத்திற்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1937 அக்டோபர் முதல் நாள், இராஜாஜி அவர்களின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் விலக்கப்பட்டது, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மறுபடியும் கடைகள் திறக்கப்பட்டன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்பதே எண்பதாண்டு காலமாக நம் பட்டிமன்றத் தலைப்பு. நம் கல்லூரித் தமிழ் மன்றத்திலும் சென்ற ஆண்டு அதே தலைப்புதான். நான் 'மூட வேண்டும்' அணியில் பேசிப் பரிசும் வாங்கினேன். திறந்தாலும் மூடினாலும் அந்த மூன்றாம் நாள் இரவுக்கு யார் பொறுப்பு என்று இரண்டு அணியிலும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைகள் நண்பகல் 12 மணிக்கே திறக்கின்றன. ஆனால் பழகிப்போன மூளை விடியற்காலையிலேயே நடுங்கத் தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட அந்த நேரத்தில்தான் கூடுதல் விலைக்குத் திருட்டுத்தனமாக விற்பவர்களும், அதைவிட மோசமாக, ஊறல்காரர்களும் பிழைக்கிறார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதிக்கப்பட்டவர்கள் பலர் சேலத்து மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டனர். அதில் இருந்தது மெத்தனால். எத்தனாலைவிட ஒரு கார்பன் அணு குறைவு, நிறத்தில் வேறுபாடில்லை, நாவுக்கும் பிடிபடாது. நம் ஆய்வுக்கூடத்தில் அயோடினும் காரமும் சேர்த்தால் எத்தனால் மஞ்சள் வீழ்படிவு தரும், மெத்தனால் தராது. செயல்முறைத் தேர்வில் நமக்கு அது ஐந்து நிமிட வேலை. கல்லீரலுக்குள் செல்லும்போது எத்தனால் அசெட்டால்டிஹைடாகவும் பின் அசெட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறி, பார்வை நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. அசெட்டிக் அமிலத்தை உடல் எரித்துவிடும். ஃபார்மிக் அமிலத்தை எளிதில் எரிக்க முடியாது.

2019இல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவினால் ஏற்பட்ட சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் 5 கோடியே 70 இலட்சம் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளனர். மற்ற 37 பேரின் வீடுகளிலும் வேப்பிலை அடித்திருப்பார்கள், அல்லது கைகளைக் கட்டியிருப்பார்கள், அல்லது சத்தியம் வாங்கியிருப்பார்கள். எங்கள் அம்மா வாங்கிய சத்தியங்களுக்குக் கணக்கில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாள்தோறும் குடிப்பவர் ஒருவர் 'இன்றோடு விட்டேன்' என்று சொன்னால், வாழ்த்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

2020இல் மருத்துவமனையிலிருந்து வந்த தந்தையார் ஏழு வாரம் குடிக்கவில்லை. மே 16ஆம் நாள் கடைகள் மீண்டும் திறந்தபோது டோக்கன் வாங்கி வரிசையில் நின்றார். உடம்பிலிருந்து நஞ்சு போவது ஒன்று, மனத்திலிருந்து அதன் நினைவு போவது வேறொன்று. இரண்டாவதற்கு எங்களிடம் அன்று யாரும் வழி சொல்லவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த மறு வாரம் அவராகவே, "மருந்து குடுத்து நிறுத்துவாங்கன்னியே, அங்க கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். இம்முறை மருத்துவர் சொன்னபடி மாத்திரைகள். முதல் நாள் மிகுதி, பின் படிப்படியாகக் குறைவு. மாத்திரைகள் அம்மாவின் பொறுப்பில் இருந்தன. நான் பழைய செயல்முறைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை போட்டேன்: நாள், மாத்திரை, தூங்கிய மணி, கைநடுக்கம். கடைசிப் பத்திக்கு நானே ஒரு முறை வகுத்தேன். காலையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை அவர் கையில் கொடுத்து, வாசலிலிருந்து முருங்கை மரம் வரை நடக்கச் சொல்வேன். முதல் நாள் பாதி டம்ளர் சிந்தியது. பத்தாம் நாள் மரத்தடியில் நின்று, சிந்தாத தண்ணீரை அவரே குடித்துவிட்டுத் திரும்பினார்.

சென்ற தை மாதம் உறவினர் திருமணத்தில் ஒருமுறை குடித்துவிட்டார். மறுநாள் காலையில் நான் எதுவும் கேட்பதற்கு முன், "நோட்ட எடு, எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். டம்ளரில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். மரம் வரை நடந்து வந்தார்.