வலிப்பு நோயும் மூளைப் பாதுகாப்பும்

வலிப்பு நோய் தெய்வக் குற்றமோ, பேயின் செயலோ, தொட்டால் ஒட்டும் பிணியோ அன்று. மூளையின் நரம்பணுக்கள் ஒழுங்கு தவறி ஒரே சமயத்தில் மின்துடிப்பை எழுப்புவதால் அது தோன்றுகிறது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். அடங்காது நீடிக்கும் வலிப்போ உயிருக்கும் மூளைக்கும் கேடு விளைப்பதாகும். மருத்துவர் கைக்குச் சேரும்வரை நோயாளியைக் காக்கும் பொறுப்பு அண்டை அயலாரையே சார்ந்தது.

மூளைக்கு நேரும் கேடு

வலிப்பின்போது மூளை வழக்கத்தைவிட மிகுதியாகப் பிராணவாயுவையும் சர்க்கரையையும் செலவிடுகிறது. தொடக்கத்தில் உடல் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி இதற்கு ஈடுகொடுக்கும். நேரம் செல்லச் செல்ல அச்சக்தி குன்றும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் தாழும். நரம்பைக் கிளர்ச்சியுறச் செய்யும் பொருள் அளவு மிஞ்சிச் சுரப்பதால், சுண்ணாம்புச் சத்து அணுக்களுக்குள் பெருகிப் புகுந்து அவற்றை மடியச் செய்கிறது. நீர் வற்றிய கிணற்றில் ஓயாது ஓடும் மோட்டாரின் காயில் கருகுவதை உழவர் அறிவர், இதுவும் அத்தகையதே. நினைவாற்றலுக்குரிய பகுதியே இதனால் பெரிதும் பழுதுறுவது.

உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தால் தானே நிற்பது அரிது. 30 நிமிடத்தைக் கடந்தால் நிலையான கேடு நேரக்கூடும் என்று உலக வலிப்பு நோய் வல்லுநர் கழகம் 2015-ஆம் ஆண்டில் வரையறுத்தது. இடைப்பட்ட 25 நிமிடங்களே நம் கையிலுள்ள காலம். பெரம்பலூர்ப் பகுதியின் மக்காச்சோளக் கொல்லையிலோ, அரியலூர்ப் பகுதியின் முந்திரித் தோப்பிலோ விழுந்தவரைச் சாலைக்குக் கொண்டுவரவே இதில் பெரும்பங்கு கழிந்துவிடலாம்.

செய்ய வேண்டுவன

1. வலிப்புத் தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்க.
2. கிணற்றோரம், அடுப்பு, கல் ஆகியவற்றினின்றும் விலக்கி, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க.
3. கையில் இரும்பையோ சாவியையோ திணித்தல், வாயில் கரண்டி நுழைத்தல், நீர் புகட்டுதல், கைகால்களை அமுக்குதல் கூடா.
4. 5 நிமிடத்தைக் கடந்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வலிப்பு வந்தாலும் உடனே 108 வண்டியை அழைக்க. முதன்முறையாக வலிப்புக் கண்டவர், கருவுற்றவர் ஆகியோர்க்குக் காத்திராமல் அழைக்க.
5. பருத்திக்கு மருந்தடித்தபின் வலிப்புக் கண்டால் உடையைக் களைந்து உடலைக் கழுவி, மருந்துப் புட்டியின் பெயரை மருத்துவரிடம் தெரிவிக்க.

மருத்துவமனையில் லோராசெபாம், மிடசோலாம் போன்ற மருந்துகளால் வலிப்பை நிறுத்துவர். மூச்சு, இரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் ஆகியவற்றைச் சீர்செய்வர். நீடித்த வலிப்புக்குப்பின் மூளையைத் தனியே காக்கும் மருந்து எதுவும் இன்றளவும் நிலைநாட்டப்படவில்லை. ஆகவே விரைவே தலைசிறந்த காப்பு. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும், அரியலூரில் 2022-இல் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

வருமுன் காத்தல்

நீடித்த வலிப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, நலமாயிற்று என்றெண்ணி மாத்திரையைத் திடீரென நிறுத்துவதாகும். மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையும் தவறலாகாது.

மற்றொரு காரணம் பன்றி நாடாப்புழு. வேலூர் வட்டாரத்தில் நடந்து, 2006-இல் வெளியான ஆராய்ச்சியில், வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு மூளையில் இப்புழுவின் கட்டியே காரணமெனக் கண்டனர். இதன் முட்டை மனித மலத்தின் வழியாக நீரிலும் கீரையிலும் கலப்பதால், புலால் உண்ணாதாரும் தப்புவதில்லை. கழிப்பிடத்தைப் பயன்படுத்துதலும், கை கழுவுதலும், காய்கறிகளை நன்கு அலம்புதலும் மூளையைக் காக்கும் செயல்களே.

ஊராட்சி உறுப்பினர் தம் வார்டில் வலிப்பு நோயாளர் மாத்திரை தவறாது பெறுகின்றனரா என்று கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்தறிதல் வேண்டும். இரவில் வண்டி தருவோர் யாவர் என்பதையும் முன்னரே முடிவு செய்து, ஊரார் அறியச் செய்தல் நலம். ஊர் விழித்திருந்தால் ஓர் உயிர் மட்டுமன்று, ஒரு குடும்பமே பிழைக்கும்.