மாணவர் மன்றம் என்ன சாதித்தது?

கேள்வி: கல்லூரிப் பேச்சு மன்றங்களால் ஏதாவது பயன் விளைந்ததுண்டா?

பதில்: உண்டு. கேம்பிரிட்ஜ் யூனியனைப் பாருங்கள். 1815-ல் தோன்றிய இந்த மாணவர் விவாத மன்றத்தை, மாணவர்கள் அரசியல் பேசுவது பிடிக்காமல் 1817-ல் பல்கலைக்கழக நிர்வாகமே முடக்கியது. சமகால அரசியலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு 1821-ல் மீண்டும் அனுமதித்தது. பேச்சுக்கு எவ்வளவு பயந்திருக்கிறார்கள்! பெண்களை 1963 வரை உறுப்பினராகச் சேர்க்காதது மன்றத்தின் பெருங்குறை.

அரசியல் பேசத் தடை இருந்த அதே மன்றத்தில்தான் 1965 பிப்ரவரியில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பேசினார். அமெரிக்கக் கனவு கறுப்பின மக்களைப் பலிகொடுத்துப் பெற்றதா என்பதே விவாதம்; ஆம் என்று வாதிட்டார் பால்ட்வின். எதிரணியில் வாதத்தில் வல்லவரான வில்லியம் பக்லி. பால்ட்வின் முடித்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வாக்கெடுப்பில் 544-க்கு 164 என்று அவர் பக்கம் வென்றது. அந்தப் படப்பதிவு இன்றும் கிடைக்கிறது, அவசியம் பாருங்கள்.