உறைந்தாலும் கெடாத எண்ணெய்

நுழையும்முன்

தமிழர் பலருடைய வீடுகளில் தேங்காய் எண்ணெய் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். அடுப்பங்கரையில் ஒரு தூக்கு, முகம் பார்க்கும் கண்ணாடியின் அருகே ஒரு குப்பி, விளக்கு மாடத்தில் ஒரு கிண்ணம். மூன்றிலும் இருப்பது ஒரே எண்ணெய்தானா? அது உணவா, தலைக்குப் பூசும் பொருளா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதன் விடையையும், அவ்வெண்ணெயின் தன்மையையும் பயன்களையும் இப்பாடத்தில் அறிவோம்.

குளிர்காலத்தில் ஓர் அழைப்பு

தில்லியில் சனவரி மாதத்துக் காலை. ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி அலமாரியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். கோடை விடுமுறையில் காங்கேயத்திலிருந்து திரும்பும்போது, தம் தோட்டத்துத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய் என்று அப்பத்தா கொடுத்தனுப்பியது அது. பள்ளியில் சிலர் எண்ணெய் மணத்தைக் கேலி செய்ததால், சில வாரங்களாக அவள் அதைத் தொடவேயில்லை. இப்போது எண்ணெய் வெள்ளைக் கட்டியாக மாறியிருந்தது. குப்பியைக் கவிழ்த்தாலும் ஒரு துளி விழவில்லை. குப்பையில் போடுவதற்கு முன் அப்பத்தாவிடம் சொல்லிவிடலாம் என்று அழைத்தாள்.

“அப்பத்தா, நீங்கள் கொடுத்த எண்ணெய் கெட்டுப்போய்விட்டது.”

“நாற்றம் அடிக்கிறதா, கண்ணு?”

“இல்லை. ஆனால் கல்லைப் போல ஆகிவிட்டது.”

“அது கெடவில்லை, உறைந்திருக்கிறது. குப்பியை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பார். பார்த்துவிட்டு எனக்குச் சொல்.”

சிறுமி அவ்வாறே செய்தாள். வெண்கட்டி ஓரத்திலிருந்து மெல்ல இளகி, பளிங்கு போன்ற எண்ணெயாயிற்று. அதன் மணமும் முன்பு போலவே இருந்தது.

ஏன் உறைகிறது?

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உருகும். அதற்குக் கீழே வெப்பம் குறையும்போது உறையத் தொடங்கும். கடலோரத் தமிழகத்தில் குளிர்காலத்திலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே, அங்கு வாழ்வோர் எண்ணெய் உறைவதை அரிதாகவே காண்பர். தில்லியிலோ குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அதனால் அங்கு எண்ணெய் உறைவது இயல்பே.

அதே அலமாரியில் இருக்கும் கடுகெண்ணெய் ஏன் உறைவதில்லை? தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு உள்ளது. அதன் மூலக்கூறுகள் நேரான குச்சிகளைப் போன்றவை; குளிரில் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். கடுகெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. அதன் மூலக்கூறுகள் வளைந்திருப்பதால் எளிதில் அடுக்கிக்கொள்வதில்லை. உறைவதும் உருகுவதும் நிலைமாற்றமே. எண்ணெயின் பண்பு அதனால் கெடுவதில்லை.

பெயரின் வரலாறு

தென்னைக்குத் தெங்கு என்பது மற்றொரு பெயர். தெங்கு என்பதனோடு காய் என்னும் சொல் சேரும்போது, முதலெழுத்து நீண்டு, இறுதியிலுள்ள ‘கு’ கெட்டு, தேங்காய் என்றாகிறது. இதற்கெனத் தனி விதியே நன்னூலில் உண்டு.

எண்ணெய் என்னும் சொல் எள் + நெய் எனப் பிரியும். தொடக்கத்தில் எள்ளிலிருந்து எடுத்ததையே அச்சொல் குறித்தது; பின்னர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. இந்தியில் வழங்கும் ‘தேல்’ என்னும் சொல்லும் இவ்வாறே பிறந்தது. வடமொழியில் திலம் என்றால் எள். அதிலிருந்து தைலம் வந்தது. தைலம் என்பதே தேல் ஆயிற்று. எனவே, தமிழில் ‘தேங்காய் எண்ணெய்’ என்றாலும் இந்தியில் ‘நாரியல் தேல்’ என்றாலும் இரண்டிலும் எள் மறைந்திருக்கிறது.

கன்னடத்தில் கொப்பரி எண்ணெ என்றும், தெலுங்கில் கொப்பரி நூனெ என்றும் இதனைக் கூறுவர். அப்பெயர்கள் கொப்பரையிலிருந்து வந்தவை.

களத்திலிருந்து குப்பிக்கு

நன்கு முற்றிய தேங்காயின் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீரே. நீர் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே காயை இரண்டாக உடைத்து, களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பர். ஓரிரு நாளில் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். பிறகு பருப்பை மட்டும் மேலும் சில நாள் உலர்த்துவர். நீர் ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறையும்போது அது நல்ல கொப்பரை. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் பகுதி கொப்பரைக் களங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குத் தொழிலாளர் கொப்பரையைக் கிளறிவிடுவதும், மழை மேகம் திரண்டால் விரைந்து அள்ளி மூடுவதும் அன்றாடக் காட்சிகள். ஒரு மழை அவர்களுடைய பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

உலர்ந்த கொப்பரையைச் செக்கிலோ எந்திரத்திலோ ஆட்டினால், 100 கிலோவுக்கு ஏறத்தாழ 60 கிலோ எண்ணெய் கிடைக்கும். எஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்குத் தீவனமாகும்.

வீட்டுக்குள் பயன்கள்

சமையல்: கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்றாடச் சமையலுக்குத் தேங்காய் எண்ணெயே முதன்மையானது. அவியலை இறக்கும் நேரத்தில் கறிவேப்பிலையோடு ஊற்றும் பச்சை எண்ணெயே அதற்கு மணம் தருகிறது. நாகர்கோவில் நேந்திரங்காய் வறுவலின் சுவையும் இவ்வெண்ணெயால் வருவதே.

தலைமுடி: முடியை நனைத்துக் கழுவும்போது அதிலுள்ள புரதம் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டினுள் ஊடுருவி அவ்விழப்பைக் குறைப்பதாக 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் உடன் சோதிக்கப்பட்ட சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்பயனைத் தரவில்லை. குளிப்பதற்கு முன் எண்ணெய் வைக்கும் வழக்கத்துக்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது.

தோல்: குளிர்காற்றில் உதடும் குதிகாலும் வெடிப்பது, தோலின் ஈரம் வெளியேறுவதால். எண்ணெய்ப் படலம் அந்த ஈரத்தைத் தடுத்து நிறுத்தும்.

கைக்காப்பு: பலாப்பழம் அறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. வாழைப்பூ ஆயும்போது கறை படியாமலும், சேனைக்கிழங்கு நறுக்கும்போது அரிப்பு உண்டாகாமலும் காக்கவும் இதுவே வழி.

இரும்புப் பொருள்கள்: அரிவாள்மனையையும் தோசைக்கல்லையும் கழுவித் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது. கிறீச்சிடும் கதவுக் கீலுக்கு ஒரு துளி போதும். புதிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய தாளின் பசையும் எண்ணெய் தேய்த்தால் விட்டுப்போகும்.

இப்பயன்களில் பலவற்றுக்கு அடிப்படை ஒன்றே. எண்ணெயும் நீரும் கலப்பதில்லை. ஆதலால் எண்ணெய்ப் படலம் தோலின் ஈரத்தை உள்ளே நிறுத்துகிறது. இரும்பைத் தாக்கும் ஈரத்தை வெளியே நிறுத்துகிறது.

அளவும் விழிப்பும்

பயன் பல உண்டு என்பதால் தேங்காய் எண்ணெய் எல்லா நோய்க்கும் மருந்து என்று கருதுதல் தவறு. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் தீய கொழுப்பு உயரும். ஒருவர் நாளும் பெறும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று உலக நலவாழ்வு அமைப்பு அறிவுறுத்துகிறது. ஆகவே சுவைக்கு வேண்டிய அளவே கொள்ளுதல் நன்று.

தீப்புண் பட்டவுடன் எண்ணெய் தடவுதல் கூடாது. ஓடும் குளிர்ந்த நீரில் நெடுநேரம் காட்டி, பெரியோரிடம் சொல்ல வேண்டும். உறைந்த எண்ணெயை உருக்கக் குப்பியை அடுப்பில் வைத்தலும் ஆகாது. சிக்கு வாடை வீசும் எண்ணெயே உண்மையில் கெட்டது, அதை உண்ணலாகாது.

உணவா, பூச்சா?

சமையல் எண்ணெய்க்கும் தலைமுடி எண்ணெய்க்கும் வரி வேறு வேறாக இருந்தது. சிறு குப்பிகளில் விற்கும் தூய தேங்காய் எண்ணெயை எந்த வகையில் சேர்ப்பது என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். பின்னர் 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு கூறியது. குப்பி சிறியது என்பதற்காக மட்டும் அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது. தலைமுடிக்குரியது என்பதற்கான குறிப்பும் அடையாளமும் குப்பியில் இருந்தாலன்றி, அதனை உண்ணத்தக்க எண்ணெயாகவே கொள்ளலாம் என்பது அம்முடிவின் சாரம். சட்டத்துக்கு இரண்டில் ஒரு பெயர் தேவைப்பட்டது. வீட்டிலோ, ஒரே எண்ணெய் தோசைக்கல்லுக்கும் தலைக்கும் விளக்குக்கும் செல்கிறது.

மீண்டும் அந்தக் குப்பி

மறுநாள் அச்சிறுமி தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னலிட்டுப் பள்ளிக்குச் சென்றாள். அருகில் அமர்ந்த வங்காளத் தோழி, “எங்கள் வீட்டில் சமையலுக்குக் கடுகெண்ணெய். தலைக்கு மட்டும் இதுதான். எங்கள் பாட்டியும் இப்படித்தான் வெந்நீரில் வைத்து உருக்குவார்” என்றாள். மாலையில் சிறுமி குப்பியின் மேல் ஒரு தாள் ஒட்டித் தமிழிலும் இந்தியிலும் எழுதினாள்: “கெடவில்லை. உறைந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் வைக்கவும்.” பின்னர் அப்பத்தாவை அழைத்து, தலைக்கு எண்ணெய் வைத்ததையும் சொன்னாள்.

சொல்லும் பொருளும்

அப்பத்தா – தந்தையின் தாய் (கொங்கு வழக்கு)
கொப்பரை – உலர்ந்த தேங்காய்ப் பருப்பு
செக்கு – எண்ணெய் ஆட்டும் பொறி
புண்ணாக்கு – எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை
சிக்கு வாடை – பழைய எண்ணெயின் கெட்ட மணம்

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. எண்ணெய்  2. தேங்காய்  3. கடுகெண்ணெய்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ ______ டிகிரி செல்சியஸில் உருகும்.
2. தைலம் என்னும் சொல் ______ என்னும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது.
3. கொப்பரைக் களங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் ______.

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. கடுகெண்ணெய் உறையாமல், தேங்காய் எண்ணெய் மட்டும் உறைவது ஏன்?
2. கொப்பரை உலர்த்துவோர் மழைக்கு அஞ்சுவது ஏன்?
3. எண்ணெய் உறைந்ததா, கெட்டதா என்பதை எவ்வாறு அறியலாம்?

ஈ. சிந்தித்து எழுதுக.
‘ஒரு பொருளைப் போற்றுவது வேறு, அதை அளவின்றிப் புகழ்வது வேறு.’ தேங்காய் எண்ணெயைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலும், வேறு மொழி பேசும் அண்டை வீட்டார் இருவருடைய வீடுகளிலும் எந்தெந்த எண்ணெய் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டு அறிக. அவற்றின் பெயர்களை அந்தந்த மொழியில் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிப் பட்டியலிட்டு வகுப்பில் படித்துக் காட்டுக.