கோரை பயிராகும் கடற்கரை நகராட்சி
கோரை மண்டிய நிலத்தைக் கண்டால் நம் உழவர் முகம் சுளிப்பர். எத்தனை முறை கொத்தினாலும், கிழங்கு ஒன்று மண்ணில் எஞ்சிவிட்டால் மீண்டும் தழைத்துவிடும் களை அது. அதே குடும்பத்தைச் சார்ந்த ஒரு செடியை முதன்மைப் பயிராகப் பேணி, அதனாலேயே பெயர்பெற்ற ஊர் ஒன்று ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் உள்ளது. அல்போராயா என்னும் அந்நகராட்சியின் பரப்பு சுமார் 8 சதுரக் கிலோமீட்டரே. தெற்கே வலென்சியா மாநகரம் அதனை ஒட்டி நிற்கின்றது. கிழக்கே மத்தியதரைக் கடல். நகரம் நெருங்கி வருங்கால் பயிர்த்தொழில் எதனால் நிலைக்கின்றது, எதனால் நலிகின்றது என்பதை ஆராய்வதற்கு இவ்வூர் ஏற்ற பாடமாகும்.

முதலில் செடியை அறிவோம். நம் வயல்களில் மிகுதியாகக் காணப்படும் கோரையின் தாவரவியற் பெயர் சைப்பிரஸ் ரொட்டண்டஸ். அதன் கிழங்குகள் வேர்த்தண்டில் மணி கோத்தாற்போல் வரிசையாக அமையும். கசப்பும் மணமும் உடையவை. அல்போராயாவில் பயிராவது சைப்பிரஸ் எஸ்குலெண்டஸ். இதில் ஒவ்வொரு வேர்த்தண்டின் நுனியிலும் ஒரு கிழங்கே உருவாகும். அது இனிப்பாக இருக்கும். அந்நாட்டார் இதனைச் சுஃபா என்பர். பண்டை எகிப்தியரின் கல்லறைகளிலும் இக்கிழங்கு கிடைத்துள்ளது. அராபியர் இதனை ஸ்பெயினுக்குக் கொணர்ந்தனர் என்பர்.

அங்குள்ள மண் மணல் கலந்த இலேசான வண்டல். சுஃபாவுக்கு இம்மண் இன்றியமையாதது. களிமண்ணில் விளைந்த கிழங்கு வடிவு கெடும். அதன் சுருக்கங்களில் மண் ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் எளிதில் போகாது. ஏப்ரல், மே மாதங்களில் 60 செண்டிமீட்டர் இடைவெளியில் பார்கள் அமைத்துக் கிழங்குகளை ஊன்றுவர். கோடை முழுவதும் சால்களில் நீர் பாய்ச்சுவர். இலையுதிர் காலத்தில் தழை காய்ந்த பின்னர் அதனை அகற்றி, நவம்பர் முதல் மண்ணோடு தோண்டிச் சலித்தெடுப்பர். ஆண்டுதோறும் ஒரே வயலில் இதனை இடுவதில்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம், கீரை வகைகள் ஆகியவற்றோடு பயிர்ச் சுழற்சி செய்வர். தவறிய கிழங்குகள் அடுத்த பயிரில் களையாக முளைப்பதும் உண்டு. கோரை எங்குச் சென்றாலும் கோரைதானே!

பறித்த கிழங்கில் ஏறத்தாழப் பாதி ஈரமாகும். காற்றோட்டமுள்ள பரண்களில் பரப்பி, நாள்தோறும் கிளறி, மூன்று மாதம் வரை பையப்பைய உலர்த்துவர். பின்னர் அதனை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்தால் ஓர்ச்சாட்டா என்னும் பால் போன்ற பானம் கிடைக்கும். இதனைக் காய்ச்சிப் பதப்படுத்துதல் எளிதன்று. கிழங்கில் மாவுப்பொருள் மிகுதியாதலால், சூடேறினால் கஞ்சி போல் இறுகிவிடும். ஆகவே குளிர்ச்சியில் வைத்து விரைவில் அருந்த வேண்டும். விளையும் ஊரும் அருந்தும் நகரமும் அருகருகே இருத்தல் இப்பயிருக்கு நன்மையாயிற்று. 1995இல் வலென்சியச் சுஃபாவுக்கு இடப்பெயர் உரிமையும் அதனைக் கண்காணிக்கும் குழுவும் ஏற்பட்டன.

இனி நீரைப் பற்றிக் கூறுவோம். துரியா ஆற்றினின்று பிரியும் எட்டு வாய்க்கால்களுள் ஒன்றான ராஸ்கான்யா இவ்வூர் வயல்களுக்குப் பாய்கின்றது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் உரிய பங்கு கன அடிக் கணக்கில் அமைந்ததன்று. ஆற்றில் வரும் நீரில் இத்தனை பங்கு என்பதே கணக்கு. வறட்சியில் யாவர்க்கும் ஒரே விகிதத்தில் குறையும். பூசல் எழுந்தால், வியாழக்கிழமை நண்பகலில் வலென்சியாப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில் கூடும் நீர் மன்றம் தீர்க்கும். உழவர் தேர்ந்தெடுத்த எண்மர் அதன் உறுப்பினர். விசாரணை வாய்மொழியாகவே நடைபெறும், வழக்கறிஞர் இல்லை. ஆற்றின் ஒரு கரையைச் சேர்ந்தவர் மீது குற்றச்சாட்டு வந்தால், மறுகரை உறுப்பினரே தீர்ப்பை முன்மொழிய வேண்டும் என்பது நடுநிலைக்காக ஏற்பட்ட முறை. யுனெஸ்கோ 2009இல் இம்மன்றத்தையும், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2019இல் இப்பாசன முறையையும் பாரம்பரியச் சிறப்புடையனவாக ஏற்றன.

ஆயினும் புகழ் நிலத்தைக் காக்கப் போதாது. அங்கு நில அளவை அனேகதா என்பது. 831 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 20 செண்டு. சில அனேகதாக்களே உடைய உழவர் பலர். அத்துணைச் சிறு துண்டு வயலுக்கு மனை விலை கிடைக்குமெனில், மகன் மண்வெட்டியை எடுப்பானா? கடற்கரையில் போர்ட் சப்லாயா குடியிருப்பு எழுந்தது. வயல்களுக்கும் கடலுக்கும் இடையே நெடுஞ்சாலை ஓடுகின்றது. ஒரு வயல் கட்டடமானால் இழப்பு அவ்வயலோடு நிற்பதில்லை. வாய்க்கால் அடைபட்டால் கடைமடைக்கு நீர் செல்லாது. தூர்வாரும் செலவு எஞ்சிய சிலர் தலையில் விழும். தெருக் கழிவு நீரும் வாய்க்காலில் கலக்கும். வேளாண்மையின் பக்கத்திலும் குறையுண்டு. நெடுங்காலம் இட்ட உரத்தால் இக்கடற்கரைச் சமவெளியின் நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்துள்ளது. 2018இல் வலென்சிய மாநில அரசு இவ்விளைநிலங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. வீடு கட்டுவதைச் சட்டம் தடுக்கலாம். தரிசாக விடப்பட்ட வயலை உழவைப்பது வேறு வேலை.

பயிற்சி: ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு கோரையை வேரோடு அகழச் செய்க. தண்டைக் குறுக்கே வெட்டினால் முக்கோணமாக இருக்கும். புல்லின் தண்டு அவ்வாறு இராது. கிழங்குகள் வரிசையாக உள்ளனவா, தனித்தனியே உள்ளனவா என்று நோக்குக. களப்பணியாளர் தம் வட்டத்தில் நகரை அடுத்த ஒரு வாய்க்காலைத் தலைமதகிலிருந்து கடைமடை வரை நடந்து பார்த்து, எவ்வெவ்விடத்தில் மனைகள் குறுக்கிடுகின்றன, அவற்றிற்குக் கீழே எத்தனை ஏக்கருக்கு நீர் பாய்கின்றது என்பதை வரைபடத்தில் குறித்து வைக்க.