20,000 சொல் என்ற புளுகு

மும்பை காட்கோபர் கிழக்கில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா இந்தக் கணக்கை எடுத்துவிடுகிறார்: பெண்கள் நாளைக்கு 20,000 சொல் பேசுவார்களாம், ஆண்கள் 7,000-த்தோடு நிறுத்திக்கொள்வார்களாம். “சயின்ஸே சொல்லியிருக்கு” என்று முத்திரை வேறு. எந்த சயின்ஸ்? லூவான் பிரிசென்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2006-இல் எழுதிய புத்தகத்தில் வந்த எண் அது. எண்ணிப் பார்த்த ஆய்வு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. பிந்தைய பதிப்புகளில் எடுத்தே விட்டார்கள். மாமாக்கள்தான் இன்னும் விடவில்லை.

நிஜமாகவே எண்ணியவர்கள் மத்தியாஸ் மேல் குழுவினர். அமெரிக்கா, மெக்சிகோ மாணவர்கள் 396 பேரிடம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை 30 விநாடி பதிந்தார்கள். 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த சராசரி: பெண்கள் 16,215, ஆண்கள் 15,669. “மாணவர்கள்தானே?” என்பீர்கள். சரி, 2025-இல் இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் 25 முதல் 64 வயதுப் பெண்கள் மூவாயிரம் சொல்போலக் கூடுதலாகப் பேசியிருக்கிறார்கள். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு விரட்டுகிற வயது ஐயா அது! அதை மௌன விரதத்தில் செய்து காட்டுங்கள், பார்ப்போம். அப்போதும் மூன்று மடங்கு எங்கே இருக்கிறது?

ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் இடத்தில் கதையே மாறுகிறது. டெபோரா ஜேம்ஸும் ஜானிஸ் டிராகிச்சும் 1993-இல் 56 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தத்தில் பெண்கள் அதிகம் பேசினார்கள் என்றவை இரண்டே இரண்டு. அவ்வளவு தூரம் போவானேன், நம் ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்குக்கு வாருங்கள். பார்க்கிங் விவகாரத்துக்கு நாலு ஆண்கள் முக்கால் மணி நேரம். மகளிர் இடத்தில் கமிட்டிக்கு வந்த பெண் எழுந்து லிஃப்ட் பற்றி ரெண்டு வாக்கியம் சொல்வதற்குள் “சுருக்கமா மேடம்”. லோக்கல் ரயிலில் ஆண்கள் டப்பாவில் ஜால்ரா தட்டிப் பாடினால் பஜனை; லேடீஸ் டப்பாவில் ரெண்டு பேர் பேசினால் சந்தைக்கடை.

பெண்கள் பேச்சைப் பற்றிய மிச்சப் புளுகுகளைச் சட்டென்று முடிக்கலாம். தமிழ்ப் பெண்கள் ‘மை ஜாதா ஹூ(ம்)’ என்று ஆண்பாலில் இந்தி பேசுகிறார்கள் என்று கேலி. ‘நான் போறேன்’ என்பதில் ஆணேது, பெண்ணேது? நம் ஆண்களும்தான் இந்தியில் பெண்பாலான வண்டியை ‘காடி ஆ கயா’ என்று ஆண்பாலாக்குகிறார்கள். தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தப்பித்துவிடுகிறார்கள். தமிழில் இந்தியைக் கலப்பவர்கள் அம்மாக்களாம். “பேட்டா, இதர் ஆ” என்கிற அப்பாவை எந்தக் கணக்கில் வைப்பது? பெண்கள் கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரு நாள் குழாயடி போதும்.

செப்டம்பர் 30-க்குள் உங்கள் சொசைட்டியின் ஆண்டுக் கூட்டம் நடந்தாக வேண்டும். முதல் பேச்சை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பலாம்.